முந்திவிட்ட நன்றிப் பூசை

மகள் விமானம் ஓட்டும் லைசன்ஸோடு ஊருக்கு வந்த வாரமே சர்ச்சில் நன்றிப் பூசை வைத்துவிட்டோம். அவசரப்பட்டது நான்தான். திண்டுக்கல்லுக்கும் நத்தத்துக்கும் இடையே வருஷக்கணக்காகத் தனியார் பஸ் ஓட்டுகிறவன். லைசன்ஸ் வந்தால் மறுநாள் ஸ்டியரிங்கில் உட்கார வேண்டியதுதானே என்பது என் எண்ணம். "விமானியான மகளுக்காக ஆண்டவருக்கு நன்றி" என்று உபதேசியார் மைக்கில் வாசித்தார். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தெருவுக்கே பிரியாணி போட்டோம். மகள் மட்டும் தலை குனிந்தே இருந்தாள். கூச்சம் என்று நினைத்தேன்.

மறுநாள் பஸ்ஸில், மல்லிகை மூட்டையோடு வழக்கமாக ஏறும் பெண் என் காதருகே வந்து சொன்னாள்: "அண்ணே, பாப்பா ப்ளேன் எங்க ஊரு மேல போச்சுன்னா செத்த ஹாரன் அடிக்கச் சொல்லுங்க. பூப் பறிக்கிறவ நிமுந்து பாப்பேன்ல."

ஜனங்கள் வாயிலிருந்து விழும் இப்படியான பேச்சை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சொல்வது என் பழக்கம். அன்றைக்கும் சொன்னேன். மகள் சிரிக்கவில்லை.

"அப்பா, இந்த லைசன்ஸ வச்சு மட்டும் கம்பெனியோட பெரிய ப்ளேன ஓட்ட விட மாட்டாங்க. எந்த ரக ப்ளேனோ, அதுக்குன்னு தனி ட்ரெயினிங் எடுக்கணும். அதுக்கும் நாமதான் கட்டணும்."

"ஏத்தா, போன மாசம் எங்க ஓனர் புது மாடல் பஸ் எடுத்தாரு. ஆள் ஏத்தாம ரெண்டு நடை போயிட்டு வந்தேன். கை பழகிருச்சு. அம்புட்டுத்தான?"

"எனக்கு அந்த ரெண்டு நடைக்கு இந்த வீட்டை விக்கணும்ப்பா."

நத்தத்து மாந்தோப்பு அவள் படிப்புக்காக ஏற்கெனவே விலை போயிருந்தது. இரண்டு வருஷம் என்று சொன்ன படிப்பு நான்காக இழுத்தது. விமானம் பழுது, மழை, பறக்க முறை வரும்வரை காத்திருப்பு. சும்மா இருந்த நாளுக்கும் ஹாஸ்டலுக்குக் கட்டினோம். நடுவில் எரிபொருள் ஏறியது என்று கட்டணத்தையும் ஏற்றினார்கள்.

"இத முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்றாள் மனைவி.

"நான் சேந்தப்ப இம்புட்டு இல்லம்மா. லோன் போட்டுச் சமாளிச்சிரலாம்னு இருந்தேன். ஏறிக்கிட்டே போச்சு. வந்து எறங்குனா, அப்பா பூசைக்கு எழுதிக் குடுத்துட்டு நிக்கிறாரு. எப்படிச் சொல்ல?"

மனைவி எழுந்து பீரோவிலிருந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்து வந்தாள். பிறகு, "வித்துருவோம்" என்றாள். நானும் தலையாட்டினேன். பேகம்பூரிலிருந்து தெரிந்த புரோக்கர் ஒருவர் வீடு பார்க்க வந்தார். அவருக்குக் காபி கொடுத்துவிட்டு மகள் என்னிடம் கேட்டாள்: "ட்ரெயினிங்கும் முடிச்சு வேலை கெடைக்கலன்னா நீங்க எங்கப்பா இருப்பீங்க?"

"கெடைக்காமலும் போகுமா?"

"கேரன்டி இல்லப்பா."

காபி குடித்த புரோக்கரை, வீடு விற்கவில்லை என்று சொல்லி அவளே வாசல்வரை கொண்டுபோய் அனுப்பிவிட்டாள்.

இப்போது பள்ளிக்கூடம் ஒன்றில் இயற்பியல் நடத்துகிறாள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வருஷம் தவறாமல் விமானிகளுக்கான உடல் பரிசோதனைக்குப் போய்ச் சான்று வாங்கி வருகிறாள். அந்தச் சான்று இல்லையென்றால் கையிலிருக்கும் லைசன்ஸும் வெறும் அட்டை.

போன மாதம் பூக்காரப் பெண் கேட்டாள்: "என்னண்ணே, இன்னும் ஹாரன் கேக்கலையே?" "மூட்டைய ஓரமாத் தள்ளி வைம்மா" என்று கியரை மாற்றினேன்.

இந்த வருஷப் பரிசோதனைக்கு முன்னால் பூசைக்கு எழுதப் போனேன். உபதேசியார் நோட்டைத் திறந்தார்.

"நன்றியா, வேண்டுதலா? ஒங்களுக்குத்தான் நன்றி முந்திரும்" என்று சிரித்தார்.

"வேண்டுதல். மக ஒடம்பு நல்லா இருக்கணும்னு எழுதுங்க."

"வேலை, ப்ளேன், ஒண்ணும் போட வேணாமா?"

"வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை அதை அவர் வாசித்தபோது மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்குப்போலத் தலை குனியவில்லை. பூசை முடிந்ததும், விடிகாலை ரயிலுக்குப் பரிசோதனை ஃபைலை எடுத்து வைக்கணும் என்று எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தாள்.