லாங்கோ பேசிய பனியன்

பெருமாநல்லூரில் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் எனக்கு உத்தியோகம். பனியனில் அச்சாகப்போகும் வாசகத்தைப் படித்துப் பார்த்து ‘சரி’ சொல்ல வேண்டும். சாயங்காலமானால் தமிழின் தொன்மை பற்றி மைக் பிடிப்பேன்.

வடக்கு உகாண்டாவிலிருந்து ஒருவர், தங்கள் குலக்கூட்டத்துக்காக முந்நூறு பனியனுக்கு டிசைன் அனுப்பியிருந்தார். ஆங்கில எழுத்துதான், ஆனால் ஒரு சொல்லும் புரியவில்லை. எங்கள் தொழிலில், வாசகம் முடிவாகாத டிசைனில் இடத்தை நிரப்ப ஏதாவது உளறலைப் போட்டு அனுப்புவார்கள். இதுவும் அதுதான் என்று தீர்மானித்து, என் கைச்சரக்கான ‘ஹேப்பி ஃபேமிலி’யைப் போடச் சொல்லிவிட்டேன். முந்நூறும் அடித்தாயிற்று.

வாங்கிப்போக நேரில் வந்தவர் பனியனைத் தடவிப் பார்த்தார். “துணி அருமை. என் மொழி எங்கே?”

“அது மொழியா?” வாய் முந்திக்கொண்டது.

அவர் கோபப்படவில்லை. டீயை உறிஞ்சியபடி சொன்னார்: “லாங்கோ. நைல் பக்கத்து மொழிக் குடும்பம். பக்கத்து அச்சோலி மொழிக்கு நெருங்கிய உறவு. கிழக்கிலிருந்து வந்த எங்கள் முன்னோர் வேறு மொழி பேசினார்களாம். வந்த இடத்துப் பேச்சை எடுத்து எங்களுடையதாக்கிக்கொண்டோம். இன்று இருபது லட்சம் பேருக்கு மேல் பேசுகிறோம். எழுத்து மட்டும் பாதிரிமார் தந்த லத்தீன். குரல் ஏறி இறங்கினால் பொருள் மாறும். அதை எழுத்தில் பெரும்பாலும் காட்டுவதில்லை, படிக்கிறவருக்குத் தெரியும்.”

டீ டம்ளரைக் கீழே வைத்தார். “தலைநகர் கம்பாலாவில் வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம்தான். லாங்கோவும் பனியனில் வருகிற மொழிதான் என்று அவர்கள் பார்க்க வேண்டும். நாளை மறுநாள் எனக்கு விமானம்.”

பிரிண்டிங் மாஸ்டர் என்னைப் பார்த்தார். “ஏனுங்க, தாய்மொழியெல்லாம் மைக்குல மட்டுந்தானுங்களா?” பிறகு உள்ளே திரும்பிக் கத்தினார்: “புது பீஸ் எடுங்கப்பா! சாரோட தமிழ்ப்பற்றைக் காப்பாத்தோணும்!”

மறுநாள் முழுக்க அடித்தார்கள். அடித்ததைச் சரிபார்க்கும் செக்கிங் அக்காவுக்கு ஆங்கில எழுத்தே தெரியாது. அசல் டிசைனைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பனியனிலும் கோடு கோடாக ஒப்பிட்டார். நான் உதவப் போனேன்.

“வேண்டாமுங்க. எனக்குப் புரியாததாலதான் ஒழுங்காப் பாக்கறேன். நீங்க புரிஞ்சதா நெனச்சுக்கிட்டதுலதான இத்தனை வம்பும்?”

கடைசிப் பனியனை விரித்து உகாண்டாக்காரர் உரக்கப் படித்தார். ‘நம் மொழியில் பேசுவோம்’ என்று அர்த்தமாம். குரல் ஏறியது, இறங்கியது. மேசையைச் சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வீடியோ அனுப்பினார். எங்கள் பனியன் போட்ட பிள்ளைகள் ஒருவர் நெஞ்சை ஒருவர் பார்த்து வாசிக்கிறார்கள், தடுமாறுகிறார்கள், சிரிக்கிறார்கள், மறுபடி வாசிக்கிறார்கள். செக்கிங் அக்கா அதை நான்கு முறை போடச் சொன்னார். நானும் பார்க்கிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன். என் தமிழ்ப் பேச்சு வீடியோவைக்கூட இத்தனை பேர் பார்த்ததில்லை.