சிஞ்ஞோரா வீட்டு யமாயிமோ

தொண்ணூறுகளின் நடுவில், இத்தாலியில் லிபெர்த்தா என்ற தெருவில் ஒரு யப்பானியப் பெண்மணி வீட்டில் வேலை செய்தேன்; சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன். மிலானிலிருந்து அவருடைய உறவினர் வரும்போதெல்லாம் ஈர மரத்தூளில் புதைத்த யமாயிமோக் கிழங்கு வரும். ஸ்டேஷனுக்குப் போய் நான்தான் தூக்கிவருவேன். எங்கள் வள்ளிக்கிழங்கின் இனம்தான். ஆனால் சிஞ்ஞோரா அதை அவிப்பதில்லை, பச்சையாகவே சாப்பிடுவார்.

முதல் நாள் தோல் சீவியதும் முழங்கை வரை கடித்து அரித்தது. சிஞ்ஞோரா சிரித்துக்கொண்டே என் கைகளை வினாகிரிக் காடியில் கழுவிவிட்டார். பிறகு, தன் அம்மா செய்வதுபோல, உள்ளே வரிவரியாகக் கீறிய மண்சட்டியில் கிழங்கை வட்டமாகத் தேய்க்கக் காட்டித்தந்தார். வெள்ளையாக, நூலிழுத்துக்கொண்டு வரும். அதில் மீன்சாறும் சோயாவும் கலந்து சுடுசோற்றில் ஊற்றுவார். முட்டைக்கோவா அடைக்கான மாவில் ஒரு கரண்டி சேர்த்தால் அடை பஞ்சுபோல எழும்பும். மிச்சத்தைக் கடற்பாசித் தாளில் சுருட்டிப் பொரிப்போம். இரண்டு வருடத்தில் எனக்கு அது இல்லாத சோறு சப்பென்று இருந்தது.

சீசா என்ற பகுதியில் என்னோடு அறையைப் பகிர்ந்தவள் எங்கள் ஊர்ப்பிள்ளை. வேலை கிடைக்காமல் அழுதுகொண்டிருந்தாள். ஒருநாள் அவளைச் சிரிக்கவைக்க நினைத்து, "சிஞ்ஞோராவின்ர கிழங்கு பாக்கச் சளி மாதிரி இருக்குமடி. முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டுதான் விழுங்கினனான்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் எனக்குப் பித்தப்பை ஒப்பரேஷன். மூன்று கிழமைக்கு அவளை என் இடத்தில் விட்டேன். கிழங்கு தேய்ப்பது வரை எல்லாம் சொல்லிக்கொடுத்தேன்.

நான் திரும்பிப் போனபோது சிஞ்ஞோரா கதவைப் பாதிதான் திறந்தார்.

"என் அம்மாவின் சாப்பாட்டைச் சளி என்றாயாம். இவ்வளவு நாளும் அருவருப்போடுதான் என் மேசையில் இருந்தாயா?"

"முதல் நாள் மட்டும், சிஞ்ஞோரா" என்றேன். எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் அதற்குமேல் சொல்ல வரவில்லை. உள்ளே குசினியில் கிழங்கு தேய்க்கும் சத்தம் கேட்டது. அது ஒரு கணமும் நிற்கவில்லை.

பின்னேரம் அறைக்கு வந்த அவளைக் கேட்டேன். "ஏன் சொன்னனி?"

"உங்களுக்குப் பிடிச்சிருந்ததோ எண்டு அவ கேட்டவ, அக்கா. நான் பொய் சொல்லேலுமே?"

"பிறகு நான் விரும்பிச் சாப்பிட்டதையும் சொன்னனியோ?"

அவள் உடுப்புகளை மடித்துக்கொண்டே இருந்தாள். "பெர்மெஸ்ஸோ எடுத்து இங்க இருக்க எனக்கும் ஒரு வேலைக் கடிதம் வேணுமக்கா" என்றாள்.

அடுத்த கிழமை அவள் சிஞ்ஞோரா வீட்டிலேயே தங்கப் போய்விட்டாள். எனக்கு ஒரு முதியவரைப் பராமரிக்கும் வேலை கிடைத்தது.

அவளுடைய அவசரம் எனக்கு விளங்கியது. ஆனாலும் மன்னிக்க மனம் வரவில்லை. அதைவிட, முதல் நாள் மட்டும் என்று நான் சொன்னதைக் கேளாமலே சிஞ்ஞோரா அவளை நம்பியதுதான் நெடுநாள் வலித்தது.