க-வுக்குக் கவ்வாத்துக் கத்தி

முன்பள்ளி ஆசிரியையை ஊர் முழுக்க டீச்சர் என்றுதான் கூப்பிடும். ஆனால் டீச்சர் என்று ஒருவரும் நினைப்பதில்லை. மூக்குத் துடைப்பது, கால் மாறிப் போட்ட சப்பாத்தைக் கழற்றி மாட்டுவது, அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அழப்போகிற பிள்ளைக்குக் கதை சொல்வது, இவற்றுக்கு நடுவே கொஞ்சம் எழுத்தும் சொல்லிக்கொடுப்பது என்று காலம் தள்ளுகிற என் சக டீச்சர்மாருக்கு நான் சொல்லப்போவதில் புதிதாக ஒன்றும் இருக்காது. அவர்கள் தலையை ஆட்டிக்கொண்டே வாசிக்கலாம். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் இருக்கிறது என் முன்பள்ளி. ஒரே அறை, தகரக் கூரை. சென்ற வருடத் தொடக்கத்தில் தோட்டத்து ஒபிஸிலிருந்து ஓர் ஆள் வந்தார். பிள்ளைகள் ஒவ்வொன்றாக டவுன் நர்சரிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன, வருடக் கடைசியில் பார்ப்போம், அறை சும்மா கிடந்தால் உர ஸ்டோர் ஆக்கிவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். டவுனுக்கு வேன் பிடிக்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் வரிசை வீடுகளான லயத்து வாசலில் குந்தியிருக்க வேண்டியதுதான். ஆகவே அந்த வருடம் முழுவதும் நான் உர மூட்டையோடு போட்டி போட்டேன். மூட்டைக்கு மூக்கு ஒழுகாது என்பதால் தொடக்கத்திலிருந்தே அதுதான் முன்னால் நின்றது.

கூடையில் விழுந்தது

ஹட்டனில் எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். 'இக், இங், இச்' என்று கத்தவைப்பது பழைய முறையாம். எழுத்தின் பெயர் பிள்ளைக்கு வேண்டாம், ஒலி மட்டும் போதும். அந்த ஒலியில் தொடங்குகிற பொருளைப் பிள்ளையே வீட்டிலிருந்து கொண்டுவந்து கூடையில் போட வேண்டும். பிறகு எழுத்து அட்டையோடு சேர்த்து வைக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பயிற்சி கொடுத்தவர் வீட்டில் கரண்டியும் கடிகாரமும் கண்ணாடியும் இருந்திருக்கும். லயத்து வீட்டில் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் என்னென்ன இருக்கும் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

'க' தொடங்கிய அன்று காலையில் கரண்டி வந்தது, கல் வந்தது, கறிவேப்பிலை வந்தது. தில்ருக்ஷி என்ற சிறுமி ஒரு சாக்கைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தாள். உள்ளே அவளுடைய அப்பாவின் கவ்வாத்துக் கத்தி. தேயிலைச் செடியின் தலையை ஒரே வீச்சில் எடுக்கிற கத்தி அது. அவள் கையை விட நீளம். அதைப் பறித்து அலுமாரி மேலே வைத்தேன். அந்தப் பதற்றத்திலும், கவ்வாத்துக்கும் 'க', கத்திக்கும் 'க' என்று கணக்குப் பார்த்து, "சரியான விடை" என்று சொல்லிவிட்டேன். தொழில் புத்தி.

அதே நேரம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் அவளுடைய அப்பா தியாகு வெறுங்கையோடு நின்றிருக்கிறார். கத்தியில்லாதவனுக்குக் கவ்வாத்து மலையில் என்ன வேலை என்று கங்காணி திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்கு அவருக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும். அவர் நேரே முன்பள்ளிக்கு ஏறி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று வாசலுக்குப் போனேன். கத்தியை வாங்கினார். பெருவிரலால் கூர் பார்த்தார். பிறகு சுவரில் வரிசையாகத் தொங்கிய எழுத்து அட்டைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "'ம' எப்ப வருதுன்னு ஒரு நாள் முன்னாடியே சொல்லிருங்க டீச்சர். மம்பட்டிய ஒளிச்சு வைக்கணும்."

பனையும் இரண்டு பெட்டியும்

முன்பள்ளிகளைப் பார்வையிட ஓர் அதிகாரி வருவார். யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர், குளிர்தான் ஆகாது. ஒரு சுவெட்டருக்கு மேல் இன்னொரு சுவெட்டர் போட்டுக்கொண்டு, காதையும் மூடிக்கொண்டுதான் பிள்ளைகளின் உச்சரிப்பைச் சோதிப்பார். அந்த முறை புதிய படங்கள் கொண்டுவந்திருந்தார். 'ப' என்ற எழுத்துக்கு நேரே ஒரு பனை மரம்.

படத்தைத் தூக்கிக் காட்டி, "இது என்னெண்டு சொல்லுங்கோ பாப்பம்," என்றார். கிரிஷாந்த் என்ற பொடியன் எழுந்து, தயங்காமல், "பைன் மரம்" என்றான். அடுத்த பிள்ளையைக் கேட்டார். அதுவும் பைன் மரம். ஜன்னலுக்கு வெளியே எதிர் மலை முழுக்கப் பைன் நிற்கிறது. அடிமரம் நேராக, கிளையெல்லாம் உச்சியில். பனையை அவர்கள் கண்டதில்லை. அதிகாரியின் முகத்தில் சொந்தக்காரரை யாரோ அடையாளம் தெரியாது என்று சொல்லிவிட்டதுபோல ஒரு வருத்தம். "பனையைத் தெரியாத தமிழ்ப் பிள்ளையள்," என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார்.

நான் மெதுவாக, "சேர், நாங்க கேட்டது ஒலியத்தானே, ஒலி சரியா வந்திருச்சுங்க," என்றேன். அவர் யோசித்தார். படிவத்தை எடுத்தார். பேனையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கடைசியில் என்னிடமே கேட்டார்: "டீச்சர், இதில 'தெரியும்', 'தெரியாது' எண்டு ரெண்டு பெட்டிதான் கிடக்கு. பிள்ளை ரெண்டுக்கும் நடுவில நிண்டா நான் எங்க சரி போடுறது?"

கொப்பி இல்லாத படிப்பு

மேலிடத்தில் எழுதவைக்காதே, விளையாடவை என்கிறார்கள். பெற்றோர் விளையாடவைக்காதே, எழுதவை என்கிறார்கள். நடுவில் நிற்கிற நமக்கு இரண்டு பக்கமும் ஏச்சு விழும். இதை வாசிக்கிற டீச்சர்மாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சுமதி என் வகுப்பிலேயே கெட்டிக்காரியான கவிஷாவின் அம்மா. கொழுந்து மலையிலிருந்து நேரே, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு வந்து நின்றார். டவுன் நர்சரிக்குப் போகிற பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு கொப்பியை எழுதி முடித்துவிட்டதாம், இரண்டாவது கொப்பி போகிறதாம். கவிஷாவின் கொப்பி எங்கே என்று கேட்டார். கொப்பி இல்லை. ஆனால் கவிஷா ஒலியைக் கேட்டதும் எழுத்தைத் தூக்கிக்காட்டுவாள், முதலில் காது பழக வேண்டும், கை தானாக வரும் என்று ஹட்டனில் கேட்டதையெல்லாம் எடுத்து விட்டேன். பிள்ளையைக் கூப்பிட்டு அங்கேயே செய்தும் காட்டினேன். கவிஷா ஒன்றுகூடப் பிழைவிடவில்லை.

சுமதி எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். மகளின் தலையைத் தடவினார். அடுத்த கிழமையே கவிஷாவை வேனில் ஏற்றிவிட்டார். போவதற்கு முன் என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனார், மரியாதைக்காரி: "கோவிச்சுக்காதீங்க டீச்சர். காதுல படிச்சத நான் யாருகிட்ட காட்டுறது? கொப்பின்னா பக்கத்து வீட்டுக் காம்பராவுல காட்டலாம்."

வேன் வராத நாட்கள்

எங்கள் தோட்டத் தலைவர் தொழிற்சங்கக்காரர். மைக்கைக் கண்டால் தாய்மொழி பற்றிப் பேசாமல் இறங்க மாட்டார். தோட்டத்திலிருந்து டவுன் நர்சரிக்கு வேனில் போன முதல் பிள்ளை அவருடைய மகன் அபிஷேக்தான். தலைவர் வீட்டுப் பிள்ளை போன பிறகுதான் மற்ற வீடுகளும் யோசிக்கத் தொடங்கின. என் பாயில் பாதி காலியானதற்கு அவருடைய பங்கு கணிசமானது.

அடைமழையில் மேட்டு ரோட்டில் மண் சரிந்தது. வேன் வரவில்லை. ஒரு நாள் பொறுத்துப் பார்த்த தலைவரின் மனைவி, பையனின் தொல்லை தாங்காமல் அவனை என்னிடம் கொண்டுவந்து விட்டார். அபிஷேக் வந்ததும் ஏ முதல் இசட் வரை மூச்சுவிடாமல் பாடினான். எழுத்து அட்டைகளைக் கலைத்துப் போட்டு ஒன்றை எடுக்கச் சொன்னேன். பாட்டை மறுபடி முதலிலிருந்து பாடினான். நடுவில் நிறுத்தினால் அவனுக்கு வழி தெரியவில்லை. ஆனால் மூன்றாம் நாளே கூடை விளையாட்டில் மற்றப் பிள்ளைகளைத் தள்ளிவிட்டு முன்னுக்கு நின்றான். 'ச'வுக்கு அப்பாவின் சால்வையைக் கொண்டுவந்தான். அதைப் பிள்ளைகள் ரயில் விட்டு விளையாடித் தரையைத் துடைத்துவிட்டார்கள். ரோடு திறந்த பிறகும் வேனில் ஏற மாட்டேன் என்று அவன் அழுதான்.

இருட்டியதும் தலைவர் என் வீட்டுக்கு வந்தார். சால்வைக்கு ஏசத்தான் வந்தார் என்று நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, "பையன் இங்கயே வரட்டும் டீச்சர்," என்றார். எனக்கு வாயெல்லாம் பல். இதைப் பெற்றோர் கூட்டத்தில் நீங்களே சொன்னால் மற்றப் பிள்ளைகளும் திரும்பும், அறையும் தப்பும் என்றேன். அவர் பதறிப்போனார். "அத மட்டும் செய்யாதீங்க. பின்பக்கமா கொண்டாந்து விடுறேன். தலைவருக்கே வேன் காசு கட்ட வக்கில்லன்னு தோட்டம் முழுக்க பேசும்."

அளவு நாடா

வருடக் கடைசியில் தோட்டத்து உதவி மேனேஜரான சின்னத்துரை வந்தார். சிங்களப் பையன், தேயிலைக்குப் புதிது. நல்ல தமிழ் பேசுவார், வேகமாகப் பேசமாட்டார். கூடவே ஸ்டோர்க்காரரும் ஒரு நாடாவும். நான் பாடத்தை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அறை அந்த நிமிடமே போய்விடும் என்று ஓர் எண்ணம்.

அவர்கள் நாடாவை ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு இழுக்க, பிள்ளைகள் காலை மடக்கி வழிவிட்டார்கள். தில்ருக்ஷி நாடாவைத் தொட்டுப் பார்த்து, 'ந' அட்டையைத் தேடி எடுத்து, ஓடிப்போய் அதன் மேலே வைத்தாள். சின்னத்துரை குனிந்து பார்த்தார். நான் விளக்கினேன். அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. தன் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தார், 'த' வந்தது. பேனையைக் கொடுத்தார், 'ப' வந்தது. ஸ்டோர்க்காரர் சுவரோரம் நாடாவைப் பிடித்தபடியே நின்றார். துரை பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். தப்பினோம் என்று நினைத்தேன்.

எழுந்தார், கால்சட்டையைத் தட்டிக்கொண்டார், தொப்பியை வாங்கிக்கொண்டார். மீதி இரண்டு சுவரையும் அளந்து முடித்தார். கீழே ஸ்டோரில் கூரை ஒழுகுவதைச் சொன்னார். உண்மையாகவே அவருக்குக் கவலைதான். வாசலில் நின்று சொன்னார்: "டீச்சர், தப்பா நினைக்க வேணாம். மழை வந்தா பிள்ளை ஓடும். உரம் ஓடாது தானே."

ஐயாவுக்கு ஒரு ஊது

அறையைக் காலி செய்ய நாள் குறித்த பிறகுதான் செய்தி வந்தது. தேர்தல் வரப்போவதால் பெரிய மனிதர் ஒருவர் தோட்டத்துக்கு வருகிறார். முன்பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை கொடுக்கிறார். தலைவர்தான் ஏற்பாடு. பை இருக்கிறது, ஐயா இருக்கிறார், பேப்பர்க்காரர் இருக்கிறார், முன்பள்ளிதான் இருக்கப்போவதில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒபிஸுக்கு ஓடினார். உர மூட்டைக்கு நடுவில் நின்று பை கொடுத்தால் படம் எப்படி இருக்கும் என்று பெரிய துரையிடமே கேட்டாராம். நாள் தள்ளிப்போனது. லயம் லயமாக ஆள் போய்ப் பை கொடுக்கப்போவதைச் சொன்னதில், வேனில் போகிற பிள்ளைகளும் அன்றைக்கு என் பாயில் வந்து உட்கார்ந்துவிட்டன. வருடம் முழுக்க நான் கெஞ்சிக் கேட்ட கூட்டம்.

ஐயா வந்தார். மாலை விழுந்தது. அவருடைய பெயர் பெரிதாக எழுதிய பதாகையின் முதல் எழுத்தைக் காட்டி, தில்ருக்ஷியிடம், "இது என்ன எழுத்து பாப்பா?" என்றார். எழுத்து 'ப'. என் வகுப்பில் எழுத்துக்குப் பெயர் கிடையாது, ஒலிதான். தில்ருக்ஷி உதட்டைக் குவித்து, காற்றை அடக்கி, ஐயாவின் முகத்துக்கு நேரே "ப்" என்று வெடித்தாள். கண்ணாடியில் துளி தெறித்தது. சரியான விடை என்று கண்டதும் வகுப்பே ஐயாவைப் பார்த்து "ப், ப், ப்" என்றது. வேனில் போகிற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டன. தலைவர் வெளிறிப்போனார். "ஐயாவ பாத்து ஊதுறாங்களே டீச்சர், இதுவா படிச்சுக் குடுத்தீங்க," என்று என் காதுக்குள் பல்லைக் கடித்தார். படம் பிடிக்கிறவர்தான் காப்பாற்றினார்: "ஐயா, அருமையா இருக்கு, நீங்களும் ஒண்ணு ஊதுங்க." ஐயா ஊதினார். படம் விழுந்தது. அந்தச் சந்தோஷத்தில், இந்த முன்பள்ளி இங்கேயே இருக்கும் என்று மைக்கில் சொன்னார். ஓரமாக நின்ற சின்னத்துரை நாடாவை எந்தப் பையில் வைத்திருந்தாரோ, தலையை மட்டும் ஆட்டினார்.

ஜனவரியில் பள்ளி தொடங்கிய அன்று சுமதி கவிஷாவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே வேனில் போன மற்றப் பிள்ளைகளும் வந்தன. எல்லார் முதுகிலும் ஐயா கொடுத்த பை. நடந்தால் குதிகாலில் இடித்தது. இந்த முறையாவது ஒலியின் அருமை விளங்கியதே என்று பூரித்துப்போனேன். கவிஷாவுக்குக் காது நன்றாகப் பழகியிருந்ததால்தானே கூட்டிவந்தீர்கள் என்று சுமதியிடம் கேட்டும்விட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்: "பேக் குடுத்த எடத்துக்குத்தானே டீச்சர் புள்ளைய அனுப்பணும். இல்லாட்டி நாளைக்கு வந்து திருப்பிக் கேப்பாங்க."

வருடம் முழுக்க வாயால் ஊதி ஊதி நான் பிடித்துவைக்க முடியாத பிள்ளைகளை, ஜிப் சரியாக மூடாத ஒரு பை ஒரே நாளில் பிடித்து வைத்துவிட்டது.