தற்காலிகம்மா

மூன்று மாதத்துக்கென்று வந்தவள் பதினோரு வருடமாக அந்த நில அளவை அலுவலகத்தில் இருக்கிறாள். பத்தொன்பது கணினிகள் முடங்காமல் பார்த்துக்கொள்வது வேலை. வருகைப் பதிவேட்டில் அவளுக்கு நேரே இருந்த ‘தற்காலிகம்’ என்ற சொல்லைப் பார்த்து யாரோ ‘தற்காலிகம்மா’ என்று கூப்பிட்டார்கள். அது ஒட்டிக்கொண்டது. வைத்த பெயரைவிட ஒட்டிய பெயருக்கு ஆயுள் அதிகம்.

ஆண்டுதோறும் நீட்டிப்புக் கடிதம் கைக்கு வரும்வரை அவளுக்குச் சோறு தொண்டையில் இறங்காது. கல்யாணம் ஒன்றுதான் அவளுக்கு நிரந்தர வேலை, அதிலும் லீவு கிடையாது என்பான் கணவன். அவள் சிரிக்க மாட்டாள்.

அன்று கடிதத்தில் மேலாளர் கையெழுத்திடும் நாள். மாதத்தின் கடைசி வேலைநாளும் கூட. அந்த நாளில் எல்லாக் கணினிகளிலும் தற்காலிகக் கோப்புகளைத் துடைத்தெறிவது அவளுடைய பழக்கம். நிரல்கள் வேலைக்கு நடுவே கிறுக்கிவிட்டுப் பொறுக்காமல் போன குப்பை அவை என்று நினைத்திருந்தாள். பெரும்பாலும் சரிதான். முழுத் தவறு சீக்கிரம் பிடிபட்டுவிடும்; பெரும்பாலும் சரியாக இருக்கும் அறிவுதான் ஒருநாள் காலை வாரும்.

பதினோரு மணிக்கு சர்வேயர் வந்து நின்றார். ஓர் எல்லைத் தகராறுக்கான வரைபடங்களும் அறிக்கையும் பன்னிரண்டுக்குள் பென்டிரைவில் போயாக வேண்டும். நகலெடுத்தால் பாதியில் நிற்கிறது. ‘தற்காலிகக் கோப்பை உருவாக்க முடியவில்லை’ என்கிறது. அவளுக்குப் பார்க்காமலே புரிந்தது. வரைபடங்களை ஒரே கட்டாகக் கட்டித்தான் அனுப்புவார்கள். கட்டுவதற்குக் கணினியின் வன்வட்டில் இடம் வேண்டும், இடம் இல்லை.

சர்வேயரை மேலாளர் கூப்பிட்டுவிட்டார். அவள் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, தற்காலிகக் கோப்புகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகாத விதத்தில் அழித்தாள். ஒன்று மட்டும் போகவில்லை. வேறொரு நிரல் அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது என்று அடம் பிடித்தது. இப்போதைக்கு விட்டுவிட்டாள். இடம் கிடைத்ததும் வரைபடங்கள் ஒழுங்காக நகலாயின. அடம் பிடிப்பதற்கு அவளிடம் மருந்து உண்டு: கணினியை அணைத்துப் போட்டால் பிடி தளரும், பிறகு அதையும் அழிக்கலாம். விரல் அணைக்கும் பொத்தானுக்குப் போனபோது சர்வேயர் திரும்பி வந்தார்.

“அறிக்கையும் ஏத்தியாச்சா?”

“எங்க வச்சிருக்கீங்க சார்?”

“எங்க வைக்கிறது? லிஸ்ட்ல இருக்கும்ல, அதத் தட்டினா வரும். மூணு வாரமா அப்படித்தான்.”

அவள் கை அப்படியே நின்றது. மூன்று வாரத்துக்கு முன் தலைமையிடத்திலிருந்து வெற்றுப் படிவம் மின்னஞ்சலில் வந்திருக்கிறது. அவர் அதை இறக்கி வைக்காமல் அஞ்சலிலேயே திறந்து, நிரப்பி, சேமித்து, மறுநாள் ‘சமீபத்தில் திறந்தவை’ பட்டியலைத் தட்டி மேலும் எழுதியிருக்கிறார். அப்படித் திறப்பது எங்கே போய் உட்காரும் என்று அவளுக்குத் தெரியும். சற்றுமுன் அவள் துடைத்த இடத்தில்தான்.

அஞ்சலைத் திறந்து பார்த்தாள். அதில் படிவம் வெறுமையாகவே இருந்தது.

சர்வேயர் பக்கத்தில் நின்று, காலையில் சேர்த்த கடைசி மூன்று பக்கங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவள் காதில் ஏறவில்லை. போகாத அந்த ஒன்று மட்டும் நினைவில் இருந்தது. அது எதுவாகவும் இருக்கலாம்.

திரையின் அடியில் ஒரு சாளரம் மடங்கிக் கிடந்தது. தட்டினாள். திரை வெளுத்து, ‘பதிலளிக்கவில்லை’ என்றது.

“என்னம்மா, கணினி வெளுத்த மாதிரியே நீங்களும் வெளுத்துட்டீங்க?”

மறுபடி தட்டினால் நிரல் மூடிக்கொள்ளுமோ என்று மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நிமிடம் ஒன்றுகூட ஆகியிருக்காது. முதல் பக்கம் மெல்லத் தெளிந்தது. கீழே எண் காட்டியது: நாற்பத்தொரு பக்கம்.

வேறு இடத்தில் சேமித்தாள். பென்டிரைவில் ஏற்றி, தன் கணினிக்குக் கொண்டுபோய்த் திறந்து, கடைசிப் பக்கத்தின் கடைசி வரியைப் படித்த பிறகுதான் மூச்சு விட்டாள். மணி பதினொன்று நாற்பத்தெட்டு.

பேசாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

“சார், இத நான் அழிச்சிருப்பேன். நீங்க மூடாமப் போனதாலதான் தப்பிச்சுது. டெம்பரரில இருந்துச்சு.”

சர்வேயர் பென்டிரைவை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “நீங்களும் பதினோரு வருஷமா அங்கதானே இருக்கீங்க?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “மேலாளர்கிட்டப் போய் ஒப்பிச்சு வைக்காதீங்க. பேனாவ இப்பத்தான் திறந்திருக்கார்.”

மதியச் சாப்பாட்டை மூடியபடியே திருப்பி எடுத்து வைத்தாள். நாலு மணிக்கு மின்னஞ்சலில் நீட்டிப்புக் கடிதம் வந்தது. ஆவலில் தட்டப்போன விரலை இழுத்துக்கொண்டு, முதலில் அதைத் தன் பெயரிட்ட கோப்புறையில் இறக்கி வைத்தாள். பிறகு திறந்தாள். ‘மேலும் ஓராண்டுக்கு, தற்காலிகமாக.’

மீதிப் பதினெட்டுக் கணினிகளை அன்று அவள் துடைக்கவில்லை. ஒவ்வொரு மேசையாகப் போய், செய்கிற வேலையை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஏழு பேர் “லிஸ்ட்ல” என்றார்கள்.