தோராயத்தின் இரண்டு கிராம்

ஆண்டுக்கொருமுறை தான் படித்த கல்லூரிக்கு வரும்போது, வாசல் கண்ணில் பட்டதும் அவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார். காவலாளியைக் கடந்து, மைதானத்தைச் சுற்றி, இயற்பியல் கட்டடத்தின் மூன்றாவது படிவரை மூச்சு தாக்குப்பிடிக்கும். நான்காவது படியில் வயிறு பழைய இடத்துக்கே திரும்பிவிடும். "என் காலேஜ் உடம்பு இந்தப் படி வரைக்கும்தாங்க வரும், இதுக்கு மேல வராது" என்று பக்கத்தில் வருகிறவரிடம் அவரே சொல்லிவிடுவார். பிறர் கிண்டல் செய்வதற்குள் தானே முந்திக்கொள்வது அவர் வழக்கம். முந்திக்கொண்டால் அவ்வளவாக வலிக்காது என்பது அவர் அனுபவம்.

தொழில், தராசு பழுதுபார்ப்பது. காய்கறிக் கடை, மருந்துக் கடை, நகைக் கடை, தபால் நிலையம் என்று எடை போடுகிற இடங்களுக்கெல்லாம் ஒரு மரப்பெட்டியோடு போவார். பெட்டிக்குள் முத்திரையிட்ட எடைகள், மட்டம் பார்க்கும் குழல், ஒரு பழைய சவரத் தூரிகை. தராசுத் தட்டுக்கு அடியில் சேர்ந்த தூசியை அந்தத் தூரிகையால் தட்டிவிட்டுத்தான் மற்ற வேலை. தராசு தேவைப்படுவது கடைக்காரருக்குத்தான், அவருக்குத் தேவையில்லை. கையில் எதைக் கொடுத்தாலும் இரண்டு முறை உள்ளங்கையில் ஆட்டிவிட்டு, "நானூத்தி இருபது, தோராயமா" என்பார். எடை போட்டுப் பார்த்தால் ஐந்து கிராம் முன்னே பின்னே இருக்கும். சொந்தக்காரர் வீட்டுக் குழந்தையைக் கொஞ்சுவதற்காகக் கையில் கொடுத்தபோதும், "மூணு கிலோ நூறு, தோராயமா" என்று சொல்லிவிட்டு, பெற்றவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

எதைச் சொன்னாலும் அந்தச் சொல் வால் பிடித்துக்கொண்டு வரும். "கல்யாணமாகி இருபது வருஷம், தோராயமா" என்று ஒருமுறை விருந்தாளியிடம் சொல்ல, உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தார். "ஒரு கிராம் குறைஞ்சா கண்டுபிடிக்கிற மனுஷன். ஒரு வருஷம் குறையறது மட்டும் தெரியல பாருங்க!"

கல்லூரியில் அவருக்குப் பெயரே தோராயம்தான். ஆய்வகத்தில் எல்லோரும் அளந்து, கணக்குப் போட்டு, கடைசியில் விடை காண்பார்கள். இவர் முந்தைய ஆண்டு மாணவரின் பதிவேட்டிலிருந்து விடையை முதலில் எழுதிக்கொள்வார். பிறகு அந்த விடைக்குத் தகுந்த அளவுகளைப் பின்னாலிருந்து வரவழைப்பார். அதில் அவர் காட்டிய உழைப்பில் பாதியைப் பாடத்தில் காட்டியிருந்தால் முதல் வகுப்பில் தேறியிருப்பார். இதையும் அவரே சொல்லுவார்.

ஆண்டுதோறும் பழைய மாணவர் கூட்டத்தில் இந்தக் கதைகளுக்கென்றே அவரை மேடைக்குக் கூப்பிடுவார்கள். விடுதிச் சுவர் ஏறிக் குதித்தபோது சுவரே இடிந்தது, பேச்சுப் போட்டியில் தலைப்பை மறந்தது, காதல் கடிதத்தைத் தவறுதலாகப் பேராசிரியரின் மேஜையில் வைத்தது. ஒவ்வொன்றிலும் முட்டாள் அவர்தான். இப்போது அங்கே துறைத்தலைவராக இருப்பவர், அன்று முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த வகுப்புத் தோழி. அவரே கண்ணில் நீர் வரச் சிரிப்பார். பேசி முடித்து இறங்கும்போது தோராயத்தின் கை கால்சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கும். அதில் கைக்குட்டையில் முடிந்த ஒரு பித்தளைத் துண்டு இருக்கும். இருபத்தாறு ஆண்டுகளாக அதை எடுத்துக்கொண்டு போகிறார். திரும்பிக் கொண்டுவருகிறார்.

"இந்த வருஷமாவது குடுத்துட்டு வாங்க. ஒவ்வொரு தடவை துணி துவைக்கும்போதும் இதைத் தேடி எடுத்து வைக்க என்னால ஆகாது" என்பார் மனைவி. அவருக்கு மட்டும்தான் விஷயம் தெரியும்.

விஷயம் இதுதான். கடைசி ஆண்டு செய்முறைத் தேர்வு. ஒரு கண்ணாடி மூடியை எடை போட வேண்டும். தோராயம் வழக்கம்போல விடையை முன்கூட்டியே எழுதிவிட்டார்: நாற்பத்தேழு கிராம். மூடியை மாற்றியிருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை. பேருக்குத் தட்டில் வைத்துப் பார்த்தால் நாற்பத்தொன்பது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அடுத்த மேஜைவரை வந்துவிட்டார். தாளில் எழுதியதை அடித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். தட்டிலிருந்த இரண்டு கிராம் எடை ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டார். "நாப்பத்தேழு வரைக்கும் வந்துது சார். இன்னொரு ரெண்டு கிராம் பெட்டியிலயே இல்ல சார்."

தேர்வாளர் பரிதாபப்பட்டு மதிப்பெண் போட்டார். தோராயம் தேறிவிட்டார்.

மாட்டிக்கொண்டவர் சாவி அண்ணன். ஆய்வக உதவியாளர். இடுப்பின் வலப்பக்கம் கால்சட்டை வளையத்தில் அலமாரிச் சாவிகள் கொத்தாகத் தொங்கும். பெயர் அப்படி வந்தது. தேர்வு நேரத்தில் மேஜைகளுக்கு நடுவே போகும்போது, சாவிகள் குலுங்கிப் பிள்ளைகளின் கவனம் கலையக்கூடாது என்று உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். அவர் வாயில் வரும் ஒரே அதட்டல், "எடையைக் கையால தொடாதே, இடுக்கியை எடு!" அன்று காலை எல்லாப் பெட்டியும் நிறைவாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டிருந்தவர் அவர்தான். மறுநாள் அன்றைய துறைத்தலைவர் மாணவர்கள் முன்னிலையிலேயே, "பொருளைப் பார்த்துக்கத் தெரியாதவனுக்குச் சாவி எதுக்கு?" என்று கொத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டார். அதன்பிறகு பெட்டி வேண்டும் என்றால் அவர் யாரிடமாவது சாவி கேட்டு, அவர்கள் வந்து திறக்கும்வரை அலமாரி பக்கத்தில் நிற்க வேண்டும். பெயர் மட்டும் போகவில்லை. சாவியே இல்லாதவரை ஒவ்வொரு ஆண்டுப் பிள்ளைகளும் சாவி அண்ணன் என்றே கூப்பிட்டார்கள்.

இதை நினைத்தால் தோராயத்துக்குச் சோறு இறங்காது. ஆனாலும் சொல்லத் துணிவில்லை. தன் பழுதுபார்க்கும் கடையில் யாரும் இல்லாத நேரத்தில் அந்தத் துண்டைத் தன் நுண்தராசில் வைத்துப் பார்ப்பார். பையில் கைக்குட்டைத் துணியோடு உரசி உரசி ஆறு மில்லிகிராம் தேய்ந்திருந்தது. "என்கூட இருந்து இளைச்சது இது ஒண்ணுதான்" என்று மனைவியிடம் காட்டினார். மனைவி சிரிக்கவில்லை.

இந்த ஆண்டு அழைப்பிதழில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: சாவி அண்ணனுக்குப் பிரிவுபசாரம். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்ற சாக்கு அதோடு போயிற்று. வாசலில் வயிற்றை இழுக்கக்கூட மறந்து, தோராயம் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே ஆய்வகத்துக்குப் போய்விட்டார். சாவி அண்ணன் தனியாக நின்று தராசுகளின் கண்ணாடிக் கூண்டுகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான்தான்..." என்று ஆரம்பித்து, நடுவில் ஒரு வேடிக்கைக்கும் இடம் விடாமல், எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினார்.

சாவி அண்ணன் குனிந்து பார்த்தார். "கையாலயா தொட்டே?"

"ஆமாண்ணே."

அவர் துடைத்த கூண்டையே மறுபடி துடைத்தார். பிறகு நிமிராமலே சொன்னார். "என்கிட்ட எதுக்கு தம்பி சொல்றே? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியாதா?"

தோராயத்துக்குக் காது சூடாகிவிட்டது. துண்டை மறுபடி கைக்குட்டையில் முடிந்துகொண்டு வெளியே வந்தார்.

அரங்கில் டீயும் பிஸ்கட்டும் முடிந்து, வழக்கம்போல அவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஒலிவாங்கியைப் பிடித்ததுமே முன்வரிசையில் இருவர் சிரிக்கத் தொடங்கினார்கள். "கடைசி பிராக்டிகல்ல ரெண்டு கிராம் எடை காணாமப் போச்சே, ஞாபகம் இருக்கா? அதை எடுத்தது நான்தான்" என்றார். அரங்கம் குலுங்கியது. "தோராயமாவா?" என்று யாரோ பின்னாலிருந்து கத்த, இன்னும் பலமாகச் சிரித்தார்கள். துறைத்தலைவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இத்தனை வருடம் தன்னைத் தானே கோமாளியாக்கிக்கொண்டதற்குக் கிடைத்த கூலி அது. உண்மையைச் சொல்ல வந்தவனை ஒருவரும் நம்பத் தயாராக இல்லை. அவருக்கும் பழக்கதோஷத்தில் அடுத்த வேடிக்கை நுனி நாக்குவரை வந்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம், கைதட்டலும் கிடைக்கும். முன்வரிசையின் ஓரத்தில், பரிசுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, சாவி அண்ணன் மட்டும் சிரிக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தோராயம் கைக்குட்டையைப் பிரித்து, பித்தளைத் துண்டை மேஜைமேல் வைத்தார். ஒலிபெருக்கி அந்தச் சின்னச் சத்தத்தையும் கடைசி வரிசைவரை கொண்டுபோனது.

"சிரிக்காதீங்க. மூணாம் நம்பர் பெட்டி. மணி பதினொண்ணே கால். தப்பா எழுதிட்டேன், மாட்டிக்குவேன்னு பயந்து இதைப் பையில போட்டுக்கிட்டேன். பெட்டியில இல்லன்னு பொய் சொன்னேன். அண்ணன் சரியாத்தான் வெச்சிருந்தார். மறுநாள் அவர் சாவியைப் புடுங்கினப்போ மூணாவது வரிசையில நின்னு வேடிக்கை பார்த்தேன். இதுல எதுவும் தோராயம் இல்ல."

துறைத்தலைவர் தன் கைப்பையை மூடிக்கொண்டு, மெல்லத் திரும்பி, ஓர நாற்காலியைப் பார்த்தார். ஒவ்வொருவராக எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

சாவி அண்ணன் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். இரண்டு வரிசைகளுக்கு நடுவே மேடையை நோக்கி நடந்தார். நடக்கும்போது அவருடைய உள்ளங்கை இடுப்பின் வலப்பக்கத்தை, சத்தம் வராதபடி, அழுத்திப் பிடித்திருந்தது.