சாயாத மரம்

அறுபதுகளின் கடைசியில், காரைக்குடியில் ஆசிரியப் பயிற்சி மாணவர்களாக இருந்த நாங்கள், ஒரு பாட்டு நாடகம் எழுதிப் பள்ளிப் பிள்ளைகளை நடிக்கவைத்தோம். மேடைக்கு மரம் செய்யும் வேலையைக் கல்லல் பக்கத்து மாணவர் ஒருவர் ஏற்றார். ஒல்லியான உடம்பு, காதில் பென்சில். எதைச் செய்தாலும் முதலில் தானே அதில் ஏறி நின்று பார்ப்பார்.

கடைசிக் காட்சியில் விறகுவெட்டி வெட்ட, மரம் சாய வேண்டும். ஒத்திகையில் அது அசையவே இல்லை. பாட்டு எழுதிய மாணவிக்குக் கோபம் வந்துவிட்டது.

“அண்ணே, நீங்க செஞ்சது மரமா, கோட்டைக் கதவா? விழுந்தாத்தானே கதை முடியும்?”

“ஏழு பிள்ளைக குருவி வேசத்துல மேல உக்காந்து பாடுதுக, தங்கச்சி. விழுகுற மாதிரி எனக்குச் செய்யத் தெரியாது. கதைய மாத்திக்கிருங்க.”

“நாளைக்கு நாடகம். இப்பப் போய்ச் சொல்றீகளே.”

திட்டிக்கொண்டே அந்த மாணவி முடிவை மாற்றி எழுதினார். மறுநாள் விறகுவெட்டியாக நடித்த பையன் வெட்டிக் களைத்து, மரத்தடியில் உட்கார்ந்து, மேலே இருந்த குருவிகளோடு சேர்ந்து பாடினான். பார்த்த பிள்ளைகள் அந்தப் பாட்டை இன்னொரு முறை பாடச் சொன்னார்கள்.

கூட்டம் கலைந்ததும் மேடையைப் பிரித்தோம். மரத்தைச் செய்தவர் அதன் அடியில் இரண்டு ஆப்புகளைத் தட்டி எடுத்தார். மரம் மெதுவாகச் சாய்ந்தது. செய்யத் தெரியாது என்று சொன்னவரையே நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அங்குட்டுப் பிடிங்க, கனமா இருக்கு” என்றார்.