முதல் படம் குறைக்கு

தங்கச் சுரங்க ஊரான கேஜிஎஃப்பில், ராபர்ட்சன்பேட்டை கடைவீதியில் கங்காதரன் பாத்திரக்கடை எங்கே என்று கேட்டால் சின்னப்பிள்ளைகூடக் கை காட்டும். ஆனால் பெங்களூரிலும் பூனாவிலும் பழைய சாமான் சேர்க்கிற பைத்தியங்களைக் கேட்டுப் பாருங்கள், கங்காதரனா, யார் அது என்பார்கள். அவர்களுக்குத் தெரிந்தது சுந்தரியைத்தான். கங்காதரனின் மனைவி, வயது நாற்பத்தாறு, படிப்பு பத்தாவது. இணைய ஏலத்தில் ஆறு வருஷமாகப் பழைய பொருள் விற்கிறாள். கோபம் வந்தால் முன்னால் நிற்பது புருஷனா சாமியா என்று பார்க்கமாட்டாள்.

பழைய பித்தளையை எடைக்குப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கிப் போகிறவர்கள் அந்தக் கடைக்கு அதிகம். மூட்டையை அவிழ்த்தால் என்னென்னவோ வரும். சுரங்கத்து விளக்கு, துரை பங்களா மணி, கடிகாரத்து பெண்டுலம், எல்லாம் உருக்கப் போகிற சாமான். ஒருநாள் சுந்தரி மூட்டைக்குள் கைவிட்டு ஒரு மணியை எடுத்தாள். "இதப் போயி உருக்குவாங்களா? அறிவு கீதா?" என்று புருஷனைக் கேட்டாள். இப்படித்தான் ஆரம்பித்தது.

முதல் வியாபாரமே மண்ணைக் கவ்வியது. அது ஒரு சுவர்க்கடிகாரம். கண்ணாடியில் விரிசல் இருந்தது. ஊரில் எல்லாரும் செய்கிறதுதானே என்று அவளும் விரிசல் தெரியாமல் திருப்பி வைத்து, மஞ்சள் விளக்குப் போட்டுப் படம் எடுத்தாள். வாங்கிய பூனாக்காரர் எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதிவிட்டார்: "தங்கம் தோண்டிய ஊர்க்காரர்கள் இப்போது வாங்குகிறவனுக்குக் குழி தோண்டுகிறார்கள்." சுந்தரி உடனே பணத்தைத் திருப்பி அனுப்பினாள். அந்த வரி மட்டும் அங்கேயே நின்றது. "என்னத் திட்டியிருந்தா தொடச்சிப் போட்டுட்டுப் போவேன். ஊரையே இழுத்துட்டானே!" என்று இரண்டு நாள் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்தாள்.

அதற்குப் பிறகு பிறந்தவைதான் சுந்தரி சட்டங்கள். முதல் படம் குறைக்கு. விரிசலோ சொட்டையோ காணாமல்போன திருகோ, அதுதான் முன்னால் வரவேண்டும்; அழகு பின்னால் வந்தால் போதும். படம் எடுப்பது காலை பத்து மணிக்கு, கடை வாசற்படியில், சூரிய வெளிச்சத்தில். மஞ்சள் பல்பு கூடவே கூடாது, பித்தளை தங்கமாகிவிடும். அளவு தெரியப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி. போனில் இருக்கிற மெருகு வேலைகளைத் தொட்டால் கை முறியும். வேறொருத்தர் எடுத்த படத்தைப் போடுவது பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காட்டித் தன் பிள்ளைக்குப் பெண் கேட்கிற மாதிரி. எல்லாவற்றுக்கும் மேலே, படத்தில் எப்படி இருந்ததோ அப்படியே பெட்டிக்குள் போகவேண்டும். துடைக்கக்கூடாது, தேய்க்கக்கூடாது.

இந்தக் கடைசிச் சட்டம்தான் கங்காதரனுக்குத் தொண்டையில் மாட்டிய முள். அவர் பாத்திரக்காரர், மங்கிய பித்தளையைப் பார்த்தாலே கை அரிக்கும்.

"அழுக்கா கீறதுக்கு ஆயிரக்கணக்குல குடுக்குறானா? எந்த ஊரு நியாயம்டி இது?"

"அது அழுக்கு இல்லீங்க, அம்பது வருஷத்துக் கருப்பு. அதுக்குத்தான் காசு. நீங்க கையக் கட்டிக்கினு குந்துங்க."

போன அக்டோபரில், அதே ஊரின் சுரங்கக் குடியிருப்பான கோரமண்டலிலிருந்து தசரதன் வந்தார். ஐம்பத்து மூன்று வயது. தினமும் விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூருக்குப் போய் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவல் வேலை பார்க்கிறவர். அவருடைய துணிப்பையில் ஒரு கார்பைடு விளக்கு இருந்தது. அப்பா பொன்னுரங்கம் இருபத்தெட்டு வருஷம் சுரங்கத்துக்குள் பிடித்துப் போன விளக்கு. "வூடு ஒழுவுது மா. கூரைக்கு ஷீட்டு மாத்த முப்பதாயிரம் ஆவும்றான். இத்த வித்துக் குடுங்க" என்றார்.

சுந்தரி சட்டப்படி படம் எடுத்தாள். முதலில் மூடியில் இருந்த சொட்டை, பிறகு கருத்த உடம்பு. ஏழு நாள் ஏலம். ஐந்தாம் நாளே முப்பத்தோராயிரத்தைத் தொட்டுவிட்டது. தசரதன் அன்றைக்கே ஷீட்டுக்குச் சொல்லி வைத்துவிட்டார்.

ஆறாம் நாள் ஆயுத பூஜை. சமையலறையில் சுண்டலைத் தாளித்து எடுத்துக்கொண்டு சுந்தரி கடைக்கு வந்தாள். தராசுக்குச் சந்தனம் வைத்திருந்தது, பில் போடும் மிஷினுக்குக் குங்குமம் வைத்திருந்தது. நடுவில், சாமந்திப் பூவோடு, கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒன்று மின்னியது.

"எப்டி?" என்றார் கங்காதரன், கையில் புளியோடு. முகமெல்லாம் சிரிப்பு. "நமக்கு சோறு போடற சாமான், கருப்பா அப்டியே சாமி முன்னாடி வெக்கலாமா? ரெண்டு மணி நேரம் தேய்ச்சேன்."

"அடப் பாவி மனுஷா!"

சுண்டல் பாத்திரம் கீழே விழாதது சாமி புண்ணியம்.

"படத்துல கீறத விட நல்லாதான கீது? எவன் கோச்சிக்குவான்?" என்று அவர் கேட்டார். அவள் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் சிரிப்பு வற்றியது. விலை வைத்தவர்கள் எல்லாரும் அந்தக் கருப்புக்குத்தான் வைத்தார்கள், அது இப்போது புளித்தண்ணீரோடு சாக்கடையில் போய்விட்டது. ஏலப் பக்கத்தில் இருக்கிற படமும் கையில் இருக்கிற விளக்கும் இனி ஒன்றில்லை. ஏலம் முடிய ஒன்றரை நாள்தான் இருந்தது. உண்மையைப் போட்டால் விலை விழும், போடாவிட்டால் தன் பேரும் ஊர் பேரும் போகும். பொருளோ தசரதனுடையது. அவரிடம் கேட்காமல் எதையும் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை.

ஆட்டோ பிடித்துக் கோரமண்டலுக்குப் போனாள். பூஜை லீவில் வீட்டிலிருந்த தசரதன் விளக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாதான மா கீது."

"நல்லாதான் கீதுண்ணா. அதான் கேடு. நெசத்தப் போட்டா வெல பாதியாக்கூட ஆயிடும்."

தசரதனுக்குச் சுருக்கென்று ஏறியது. "இன்னா மா பேசறீங்க? உங்க வூட்டுக்காரர் தேய்ப்பாரு, என் வூடு ஒழுவணுமா? பழைய போட்டோவே இருக்கட்டும். பார்சல் போனதுக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

"உங்க கோவம் நியாயம். தப்பு எங்களுது, கால்ல வுழச் சொன்னாலும் வுழறேன். ஆனா பொய்ப் படத்துக்கு பார்சல் கட்ட என்னால ஆவாது. வேணாம்னா ஏலத்த நிறுத்திட்டு வெளக்கத் திருப்பித் தரேன், வேற ஆள் மூலமா வித்துக்குங்க. கேஜிஎஃப்காரன் ஏமாத்துவான்னு ஒருத்தன் எழுதினான். ஆறு வருஷமா அத்த அழிச்சிக்கினு வரேண்ணா. இன்னொருத்தன எழுத வுடமாட்டேன்."

தசரதன் கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு எந்த ஊருன்னு கேட்டாங்க. சொன்னேன். சாயங்காலம் கெளம்பும்போது என் பையத்தான் மொதல்ல தொறக்கச் சொன்னாங்க." விளக்கை அவள் கையில் கொடுத்தார். "எடுங்க போட்டோ. நானும் வரேன்."

வாசற்படியில் தீப்பெட்டி வைத்தாயிற்று. முதல் படம் குறைக்கு. இப்போது குறை எது? சுந்தரி புருஷனைக் கூப்பிட்டாள். "இன்னாங்க, இங்க வாங்க. கைய நீட்டுங்க."

கங்காதரனின் பத்து விரலும் கன்னங்கரேல் என்று இருந்தன. "கடக்காரன் மானம் போவுதுடி" என்று முனகினார். ஆனாலும் நீட்டினார். அந்தக் கறுத்த உள்ளங்கைகளில் விளக்கு உட்கார்ந்திருக்கிற படம்தான் முன்னால் போயிற்று. கீழே எழுதினாள்: "ஆயுத பூஜைக்காக எங்கள் வீட்டில் புளிபோட்டுத் தேய்த்துவிட்டோம். முன்பு போட்ட படங்கள் இனி உண்மை இல்லை. தவறு எங்களுடையது. விலை கேட்டவர்கள் விலகிக்கொள்ளலாம்."

விலகினார்கள். முப்பத்தோராயிரம் இருபதாயிற்று, ராத்திரி சாப்பாட்டுக்குள் ஒன்பதாயிரம் ஆயிற்று. மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு தசரதன் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்தபோது ஏழாயிரத்து நானூறு. கங்காதரன் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் ஏற்கெனவே அடுக்கியிருந்த டம்ளர்களை மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார்.

தசரதன் போனை வாங்கி, அவள் எழுதியதை விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"இதுல எங்கப்பா பேரு கீதா மா?"

"இல்லண்ணா. விக்கிறவங்க பேரு மட்டும்தான்."

"போடுங்க. கோரமண்டல் பொன்னுரங்கத்தோட லாம்ப்புன்னு போடுங்க. இந்த மாதிரி எடத்துல அவரு பேரு இருக்கலாம்."

சுந்தரிக்குக் கண் நிறைந்து எழுத்து தெரியவில்லை. துடைத்துக்கொண்டு, எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாதே என்று இரண்டு முறை சரிபார்த்துப் போட்டாள்.

பளபளப்பைக் கேட்கிற ஆட்களும் உலகத்தில் இருக்கிறார்கள். சாயங்காலம் அவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மைசூரில் ஒரு டாக்டர் பத்தொன்பதாயிரத்து இருநூறுக்கு எடுத்தார். கங்காதரன் மீதியைத் தான் போடுவதாகச் சட்டைப்பையில் கைவிட்டார். தசரதன் முறைத்த முறைப்பில் கை அப்படியே வெளியே வந்தது. "சாமிக்குன்னு செஞ்சீங்க. முன்பக்கக் கூரைக்கு இது போதும். பின்பக்கம் நான் பாத்துக்கறேன்" என்றார் அவர்.

மறுநாள் விடிந்ததும், பார்சல் கட்டுவதற்கு முன்னால், முடிந்துபோன ஏலப் பக்கத்தை எடுத்துவிடலாம் என்று சுந்தரி போனைத் திறந்தாள். அதற்குள் தசரதனிடமிருந்து அழைப்பு வந்தது. பின்னால் ரயில் இரைச்சல், ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தம்.

"ஏம்மா, அந்தப் பக்கத்த எடுத்துட்டீங்களா?"

"இப்பதாண்ணா எடுக்கப் போனேன்."

"ஐயோ, எடுக்காதீங்க! இந்தப் பொட்டியில இன்னும் பாதி பேரு பாக்கல. உங்க வூட்டுக்காரரோட கருப்புக் கைய மொதல்ல காட்றேன், படிச்சுக் காட்றேன், அதுக்கு அப்புறம்தான் எங்கப்பா பேர காட்றேன்."